மெல்லப் பாடிய துக்கம்

அமெரிக்கப் பாடகர் பிராங்க் சினாத்ராவின் ஆரம்பகாலக் காதல் பாட்டுக்களில் முதலில் கேட்க வேண்டியது, 1940-ஆம் வருஷம் மே மாதம் டாமி டார்ஸி கோஷ்டியுடன் அவர் பதிவு செய்த ‘ஐ’ல் நெவர் ஸ்மைல் அகெய்ன்’. இயற்றியவர் டொரான்டோ நகரத்துப் பியானோக்காரி ரூத் லோ. 1939-இல் இளம் வயதிலேயே கணவனைப் பறிகொடுத்தவர்.

அந்தத் துக்கத்தைச் சினாத்ரா உரக்கச் சொல்லவே இல்லை. துணைக் குரல்களோடு இழைந்து, மைக்கினிடம் அந்தரங்கம் பேசுகிறவர்போல் பாடுகிறார். கதறினால்தான் உருக்கம் என்று நினைப்பவர்கள் இதை இரண்டு தடவை கேட்கலாம்! டார்ஸி டிராம்போன் ஊதுகையில் மூச்சு வாங்குவதே தெரியாது. பக்கத்திலிருந்து அதைக் கவனித்துக் கவனித்து, தண்ணீருக்குள் மூழ்கி நீந்தியும் மூச்சைப் பழக்கினாராம் சினாத்ரா. வாக்கியம் நடுவில் அறுந்துவிடாமல் அடுத்ததோடு போய்ச் சேர்வது அதனால்தான்.

அந்த ஜூலையில் ‘பில்போர்டு’ பத்திரிகை வெளியிட்ட முதல் தேசிய விற்பனைப் பட்டியலில் முதலிடம் பெற்ற இந்த இசைத்தட்டு, 12 வாரம் அங்கேயே இருந்தது.

இதற்கு முன் 1939-இல், ஹாரி ஜேம்ஸ் கோஷ்டியில் பாடிய ‘ஆல் ஆர் நத்திங் அட் ஆல்’ அதிகம் விலைபோகவில்லை. 1942-இல் வாத்தியக்காரர்கள் பதிவு வேலைநிறுத்தம் தொடங்கவே, புதுத் தட்டுக்குப் பஞ்சம் வந்தது. கொலம்பியா கம்பெனியார் 1943-இல் அந்தப் பழைய பாட்டையே தூசி தட்டி மறுபடி வெளியிட்டார்கள். லட்சக்கணக்கில் விற்றது.