நெருப்பு தரும் நீர்

உங்கள் வீட்டில் சமையல் வாயு அடுப்பு உண்டா? பெரியவர் ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொண்டு ஒரு சிறு சோதனை செய்யுங்கள். எவர்சில்வர் பாத்திரத்தில் குளிர்ந்த நீரை ஊற்றி, வெளிப்புறத்தை நன்றாகத் துடைத்து, எரியும் அடுப்பில் வையுங்கள். சில நொடிகளில் பாத்திரத்தின் வெளிப்பக்கம் நீர்த்துளிகள் அரும்பும். பாத்திரம் சூடானதும் அவை மறைந்துவிடும். பாத்திரம் ஒழுகவில்லை, பின் இந்த நீர் எங்கிருந்து வந்தது?

நெருப்பிலிருந்துதான்! 1860-61 கிறிஸ்துமஸ் விடுமுறையில் லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் மைக்கேல் பாரடே சிறுவர்களுக்கு மெழுகுவர்த்தியைப் பற்றிச் சொற்பொழிவாற்றினார். பனிக்கட்டியும் உப்பும் நிரம்பிய கலத்தைச் சுடருக்கு மேல் பிடித்து, அதன் அடியில் திரண்ட நீரைக் காட்டினார். எரிபொருளிலுள்ள ஹைட்ரஜன் காற்றிலுள்ள ஆக்சிஜனுடன் கூடி நீராவியாகிறது. 16 கிராம் மீத்தேன் முற்றிலும் எரிந்தால் 36 கிராம் நீர் உண்டாகும்.

குளிர்நாட்டுப் புதிர்

கனடாவிலும் அமெரிக்காவின் வடபகுதிகளிலும் பல வீடுகளில் அறையைச் சூடாக்க வாயுக் கணப்பு வைத்திருக்கிறார்கள். அதில் எரியும் இயற்கை வாயுவில் பெரும்பகுதி மீத்தேன். மணிக்கு சுமார் 0.6 கிலோகிராம் வாயு எரிந்தால் ஏறத்தாழ 1.3 லிட்டர் நீர் ஆவியாகப் புறப்படும். சுவரைத் துளைத்துச் செல்லும் புகைக்குழாய் அதை வெளியேற்றுகிறது.

சில வீடுகளில் அக்குழாயை ஒட்டிய சுவர் நனைந்து, வர்ணம் உரிகிறது. குற்றவாளி யார்? சந்தேகத்துக்குரியவர் மூவர்: மழை, அறைக்காற்று, புகை. ஈரம் எப்போது தோன்றுகிறது என்று குறித்துவைத்தால் போதும். ஆள் பெரும்பாலும் அகப்பட்டுவிடுவார்.

மழைக்குப் பிறகு, கணப்பு அணைந்திருக்கும்போதும் சுவர் நனைகிறதா? குழாய் வெளியேறும் இடத்தில் அடைப்பு விட்டுப்போயிருக்கும். அதைச் சரிசெய்ய வேண்டும்.

மழையே இல்லாத கடுங்குளிர் நாளில், கணப்பு அணைந்திருக்கும்போது நனைகிறதா? அறைக்காற்றைச் சந்தேகியுங்கள். 20 டிகிரி செல்சியஸில் 50 சதவீத ஈரப்பதமுள்ள காற்றின் பனிநிலை சுமார் 9 டிகிரி. அதைவிடக் குளிர்ந்த உலோகக் குழாயைத் தொட்டதும் காற்றிலுள்ள ஆவி நீராகிவிடும். வெயில் நாளில் ஐஸ் தண்ணீர்த் தம்ளர் வியர்ப்பதும் இப்படித்தானே! குழாயைச் சுற்றியுள்ள இடுக்குகளை அடைத்து, சமையலறை, குளியலறை ஆவியை வெளியேற்றினால் ஈரம் குறையும்.

கணப்பு எரியும்போது மட்டும் நனைகிறதா? அப்படியானால் புகையைச் சந்தேகிக்க வேண்டும். காற்று எவ்வளவு கலந்திருக்கிறது என்பதைப் பொறுத்துப் புகையின் பனிநிலை 40 முதல் 60 டிகிரி வரை இருக்கக்கூடும். எனவே குழாயின் குளிர்ந்த பகுதியில் அது எளிதில் நீராகிறது. இணைப்பு விட்டிருந்தால் அங்கே கசிகிறது. பற்றவைத்த சில நிமிடங்கள் கண்ணாடியில் படரும் மூட்டம் இயல்பானது. அது நீடித்தாலோ, சுவர் நனைந்தாலோ கணப்பை அணைத்துவிட்டுத் தொழில் தெரிந்தவரை அழைக்க வேண்டும்.

ஈரம் தரும் எச்சரிக்கை

இவ்வளவு அவசரம் ஏன்? நீராவி கசியும் வழியில் கார்பன் மோனாக்சைடும் கசியலாம். வெளிக்குழாயின் வாயைப் பனி மூடிவிட்டால் வாயு சரியாக எரியாமல் இந்த நஞ்சு மிகுதியாக உண்டாகும். இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபினை ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் வலிமையாகப் பற்றிக்கொள்ளும் வாயு இது. நிறமில்லை, மணமும் இல்லை. சமையல் வாயுவில் சேர்க்கும் நாற்றப்பொருளும் எரிந்துபோவதால் மூக்கு இங்கே உதவாது. ஈரம் இல்லை என்பதாலேயே ஆபத்தில்லை என்றும் எண்ணிவிடக் கூடாது. அதனால்தான் அந்நாடுகளில் இவ்வாயுவைக் கண்டு ஒலியெழுப்பும் கருவியை வீட்டில் பொருத்துகிறார்கள்.

நமக்கென்ன கணப்பு என்கிறீர்களா? வாயுவில் எரியும் வெந்நீர்க் கருவியை அடைத்த குளியலறைக்குள் வைத்து நம் நாட்டிலும் பலர் உயிரிழந்திருக்கிறார்கள். அங்கும் சுடர் ஒன்றே, வேதியியலும் ஒன்றே. சுடருக்குக் காற்று வரவும், புகை வெளியேறவும் வழி இருக்கிறதா? இன்றே உங்கள் வீட்டில் பாருங்கள்.