ஓடும் உரமாகும்

சாக்லேட் என்றதும் நாவில் நீர் ஊறாதவர் நம்மில் யார்? ஆயினும், அது ஒரு மரத்தின் விதையிலிருந்து வருகிறது என்று எண்ணிப் பார்ப்பவர் சிலரே. கோகோ மரத்தின் தாயகம் தென் அமெரிக்கா. நம் பொள்ளாச்சி, ஆனைமலைப் பகுதிகளில் அது தென்னையின் நிழலில் ஊடுபயிராக வளர்க்கப்படுகிறது. அங்குள்ள தோப்பு ஒன்றிலிருந்து காய்கள் வாங்கி வந்து, பள்ளித் தோட்டத்தில் நாற்று வளர்க்க முற்பட்டோம்.

முதல் முயற்சி கைகூடவில்லை. காய்ந்த சருகையும் விடுதிச் சமையலறையின் காய்கறித் தோலையும் அப்படியே மண்ணில் கலந்து பைகளில் நிரப்பினோம். முளைத்த நாற்றுகள் சில வாரங்களில் மஞ்சளாக வெளிறின, பல மடிந்தன. "உரம்தானே இட்டோம்?" என்று வருந்தினோம்.

காரணத்தை எங்கள் ஆசிரியை விளக்கினார். மட்காத குப்பை உரமாகாது. சருகை மட்கச் செய்யும் நுண்ணுயிர்கள், தாம் பெருகுவதற்காக மண்ணிலுள்ள தழைச்சத்தை எடுத்துக்கொள்கின்றன. அழுகும் குப்பை, வேருக்கு வேண்டிய காற்றையும் குறைக்கிறது. ஆகவே, குப்பை முதலில் வெளியே மட்க வேண்டும். பிறகே பைக்குள் செல்ல வேண்டும்.

மற்றொன்றும் அறிந்தோம். கோகோக் காயின் எடையில் ஏறத்தாழ முக்கால் பங்கு ஓடுதான். தோப்பில் எறியப்படும் ஓடு ஈரத்தில் அழுகும்போது, கருங்காய் நோயை உண்டாக்கும் கிருமி அதில் தங்கிப் பரவும். ஆனால் அதே ஓட்டில் சாம்பல்சத்து மிகுதி. மட்கச் செய்தால் பகையே நட்பாகும்!

ஓடுகளைச் சிறு துண்டுகளாக நறுக்கினோம். சருகு, பச்சை இலை, காய்கறித் தோல், சாணம் ஆகியவற்றுடன் அடுக்கடுக்காக இடுப்பளவு குவித்தோம். பிழிந்த துணி போன்ற ஈரம் இருக்குமாறு நீர் தெளித்து, வாரம் ஒருமுறை கிளறினோம். இத்தகைய குவியலின் உட்புறம் 55 முதல் 65 டிகிரி செல்சியஸ் வரை சூடேறும். அவ்வெப்பத்தில் நோய்க் கிருமிகள் பெரும்பாலும் அழியும். கிளறும்போது வெளிப்புறக் குப்பை உள்ளே சென்று, அதுவும் வெந்து மட்கும். மூன்று மாதங்களில் அது கறுத்துப் பொலபொலவென உதிர்ந்தது. மழை பெய்த மண்ணின் மணம் வீசியது.

மேல்மண், மணல், மட்கிய உரம் மூன்றையும் சம அளவில் கலந்து, அடியில் துளையிட்ட பைகளில் நிரப்பினோம். கோகோ விதை உலர்ந்தால் முளைப்புத் திறனை இழந்துவிடும். எனவே புதிய காய்களை உடைத்து, விதைமேலுள்ள வழவழப்பான சதையை மணலில் தேய்த்து நீக்கி, உடனே விதைத்தோம். கீற்றுப் பந்தலின் நிழலில் வைத்து, நீர் தேங்காமல் பார்த்துக்கொண்டோம்.

இம்முறை நாற்றுகள் வாடவில்லை. இளந்தளிர் சிவந்து, பின் கரும்பச்சையாக விரிந்தது. நான்கு முதல் ஆறு மாத நாற்றைத் தோப்பில் நடலாம்.

இப்போது விடுதிச் சமையலறையில் காய்கறித் தோலுக்கென்று தனி வாளி இருக்கிறது. பெற்றோரே, தோழியரே! உங்கள் இல்லத்திலும் ஒரு வாளி வையுங்கள். கோகோ இல்லாவிடினும், ஒரு ரோஜாச் செடியேனும் உங்களுக்கு நன்றி சொல்லும்.