பெலிஸ் துறைமுகமும் ஹாட்டிச் சூறாவளியும்

கரீபியன் கடலின் மேற்குக் கரையில், மத்திய அமெரிக்காவில் அமைந்த சிறு நாடு பெலிஸ். 1973ஆம் ஆண்டு வரை பிரிட்டிஷ் ஹோண்டுராஸ் எனப் பெயர் பெற்றிருந்த இந்நாடு, 1981இல் சுதந்திரம் அடைந்தது. இதன் பெரிய நகரமும் முக்கியத் துறைமுகமுமாகிய பெலிஸ் நகருக்குச் செல்வோர் கண்ணில் முதலில் படுவன, உயர்ந்த கால்களின் மேல் நிற்கும் பழைய மர வீடுகளே. அக்கால்கள் அழகுக்காக அமைக்கப்பட்டவை அல்ல. அந்நகரின் வரலாற்றில் கடல் இருமுறை வீடுகளுக்குள் புகுந்துள்ளது.

நகரின் இருப்பிடம்

மகாகனி முதலிய மரங்களை உள்நாட்டுக் காடுகளில் வெட்டி, ஆற்றில் மிதக்க விட்டுக் கடலுக்குக் கொணர்ந்தோர் ஏற்படுத்திய ஊர் இது. கட்டைகளைக் கப்பலேற்றுவதற்கு ஆற்றின் முகத்துவாரமே ஏற்ற இடம். ஆகவே அங்கிருந்த கண்டல் மரச் சதுப்பின் மீதே ஊர் எழுந்தது. மகாகனிச் சிம்புகளையும் காலிப் புட்டிகளையும் கொட்டி மேடாக்கிய நிலம் என்று ஊரார் வேடிக்கையாகக் கூறுவதுண்டு. நகரின் பெரும்பகுதி கடல் மட்டத்திற்கு ஓரிரு அடிகளே மேலே உள்ளது.

கரையை அடுத்த கடலும் ஆழம் குறைந்தது. பெரிய கப்பல்கள் நகரை நெருங்க இயலாமல் தொலைவில் நங்கூரமிட்டு நிற்க, படகுகளே பயணிகளைக் கரை சேர்க்கின்றன. இந்த ஆழமின்மைக்கும் நகருக்கு நேர்ந்த துன்பத்திற்கும் நெருங்கிய தொடர்பு உண்டு.

1931ஆம் ஆண்டின் பேரிடர்

1931 செப்டம்பர் 10ஆம் நாள் அந்நாட்டில் விடுமுறை நாள். 1798இல் நடந்த ஒரு கடற்போரின் வெற்றியைக் கொண்டாட மக்கள் கூடியிருந்தனர். அன்று சூறாவளியின் மையம் நகரின் மீதே வந்தது. அதன் கண் நகரைக் கடக்கையில் காற்று சற்று ஓய்ந்தது. ஆபத்து நீங்கிற்று எனக் கருதிப் பலர் வெளியே வந்தனர். பின்னர் காற்று திசை மாறி வீச, கடல் பொங்கி ஊருக்குள் புகுந்தது. ஏறத்தாழ 2,500 பேர் மாண்டனர். ஊரும் துறைமுகமும் அதே இடத்தில் மீண்டும் கட்டப்பட்டன.

ஹாட்டி வந்த வழி

முப்பது ஆண்டுகள் கழித்து, 1961 அக்டோபர் இறுதியில், கரீபியன் கடலின் தென்மேற்குப் பகுதியில் ஹாட்டிச் சூறாவளி உருவாயிற்று. முதலில் அது வடக்கு நோக்கிச் சென்றது. பின்னர் மேற்கே திரும்பி பிரிட்டிஷ் ஹோண்டுராஸை நோக்கி விரைந்தது. கடலில் அதன் வலு உச்சத்தை எட்டிய வேளையில் மையத்தின் காற்றழுத்தம் 920 மில்லிபார் அளவிற்குத் தாழ்ந்திருந்தது. அக்டோபர் 31ஆம் நாள் அது பெலிஸ் நகருக்குத் தெற்கே கரையைக் கடந்தது.

இம்முறை எச்சரிக்கை முன்னதாகவே கிடைத்தது. 1931ஐ நேரில் கண்டவர் பலர் நகரில் உயிருடன் இருந்தனர். வானொலிச் செய்தியின் பொருளை அவர்களுக்கு எவரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. எனினும் சேதம் பெரிது. நகருக்கு அருகே கடல் 14 அடி வரை உயர்ந்தது. கட்டடங்களில் பெரும்பாலானவை சேதமுற்றன; பல்லாயிரம் மக்கள் வீடிழந்தனர். தெருக்களில் சேறு படிந்தது. சூறாவளி தாக்கிய பகுதிகள் அனைத்திலும் உயிரிழந்தோர் ஏறத்தாழ 300 பேர். நேர்ந்த உயிரிழப்பு பெரிதெனினும், முப்பது ஆண்டுகளுக்கு முன் நேர்ந்ததில் எட்டில் ஒரு பங்கே ஆகும்.

கடல் உயர்ந்தது எவ்வாறு?

சூறாவளியில் மக்களைப் பெரும்பாலும் கொல்வது காற்றன்று, நீரே. அந்நீர் உயர்வதற்குரிய காரணங்களைப் பள்ளி மாணவரும் எளிதில் அறியலாம்.

முதலாவது, அழுத்தக் குறைவு. காற்றழுத்தம் ஒரு மில்லிபார் குறைந்தால் கடல் மட்டம் ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் உயரும். சாதாரண அழுத்தம் 1,013 மில்லிபார் ஆதலால், 920 மில்லிபார் அழுத்தமுள்ள மையத்தின் கீழ்க் கடல் ஒரு மீட்டருக்குச் சற்றுக் குறைவாகவே உயரும். பதினான்கு அடி உயர்வை இது மட்டும் விளக்காது.

இரண்டாவதும் முதன்மையானதும் காற்றின் உந்துதல். ஆழ்கடலில் காற்றினால் தள்ளப்படும் நீர் அடியில் இறங்கித் திரும்பிச் செல்ல இடமுண்டு. ஆழமற்ற கடலில் அவ்விடம் இல்லை. நீர் கரையை ஒட்டிக் குவிகின்றது. கப்பல்களைத் தொலைவில் நிறுத்திய அதே ஆழமின்மை கடலை ஊருக்குள் ஏற்றிவிட்டது. கரைக்கு அப்பால் நீண்டு கிடக்கும் பவளத்திட்டு அலைகளின் வேகத்தைத் தணிக்கும். ஆனால் கடல் மட்டமே உயரும்போது அதனால் தடுக்க இயலாது.

மூன்றாவது, நகர் இருந்த பக்கம். நிலநடுக்கோட்டிற்கு வடக்கே சூறாவளிக் காற்று கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுழல்கின்றது. ஹாட்டி மேற்கு நோக்கிச் சென்றமையால், அதன் வடபுறத்தில் காற்று கடலிலிருந்து கரையை நோக்கி வீசியது. மையத்திற்கு வடக்கே இருந்த பெலிஸ் நகரம் அக்காற்றை நேராக ஏற்றது. மையம் நகருக்கு வடக்கே கடந்திருப்பின், காற்று நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசியிருக்கும். கரும்பலகையில் ஒரு வட்டமும் சில அம்புக்குறிகளும் வரைந்து ஆசிரியர்கள் இதனை விளக்கலாம்.

ஒரே சாலையில் மூன்று ஊர்கள்

புயலுக்குப் பின் எடுக்கப்பட்ட முடிவுகளின் விளைவை, நகரிலிருந்து மேற்கே செல்லும் நெடுஞ்சாலையில் இன்றும் காணலாம். ஏறத்தாழ 16 மைல் தொலைவில் ஹாட்டிவில் என்னும் ஊர் உள்ளது. வீடிழந்தோர்க்குத் தற்காலிகப் புகலிடமாக அமைந்த முகாம் அது. பலர் அங்கேயே தங்கினர், முகாம் ஊராயிற்று. அழித்த புயலின் பெயரே அவ்வூருக்கு நிலைத்துவிட்டது.

அதே சாலையில் ஏறத்தாழ 50 மைல் சென்றால் பெல்மோப்பான் வரும். கடல் எட்டாத உள்நாட்டில் தலைநகரை அமைப்பதென்று அரசு முடிவு செய்து, 1962இல் இடம் தேர்ந்தெடுக்கப்பட்டது. 1970இல் அரசு அலுவலகங்கள் அங்கே குடியேறின. பழைய மாயர் கோயில்களை நினைவூட்டும் வடிவில் சட்டமன்றக் கட்டடம் எழுந்தது.

பெல்மோப்பானில் அரசின் பதிவேடுகளும் அலுவலகங்களும் கடற்பெருக்கிலிருந்து காக்கப்பட்டுள்ளன. ஆனால் மக்கள் அவற்றின் பின்னே பெருமளவில் செல்லவில்லை. அலுவலர் பலர் குடும்பத்தைக் கடற்கரையிலேயே விட்டு நாள்தோறும் சாலையில் சென்று திரும்பினர். துறைமுகத்தையும் அதன் பிழைப்பையும் எந்த ஆணையாலும் இடம்பெயர்க்க இயலாது. கப்பல் வருமிடத்தில் சுமை இறக்குவோரும், மீனவரும், கடைக்காரரும் இருந்தே தீருவர். நாட்டின் மிகப் பெரிய ஊர் இன்றும் பெலிஸ் நகரமே.

2022 நவம்பர் 2ஆம் நாள் லிசாச் சூறாவளி அந்நகருக்கு அருகிலேயே கரை கடந்தது. ஹாட்டியைவிட வலுக் குறைந்ததெனினும், மர வீடுகள் பல அதில் சேதமுற்றன. பெல்மோப்பான் இருந்ததால் அவ்வீடுகளில் வாழ்ந்தோர்க்குப் பாதுகாப்புக் கிட்டிவிடவில்லை. அவர்களுக்கு வேண்டியிருந்தவை உரிய நேரத்தில் எச்சரிக்கை, நடந்து சென்றடையும் தூரத்தில் உறுதியான கட்டடம், நீர் உயருமுன் திறந்திருக்கும் சாலை ஆகியவையே.

கடலோரத்தில் பணியாற்றுவோர் தத்தம் ஊரைக் குறித்தும் இதே வினாக்களை எழுப்பலாம். முன்பு கடல் எவ்வளவு தூரம் ஏறியது என்பதை அறிந்த முதியோர் யார்? அந்த அளவு ஏதேனும் ஒரு சுவரில் குறிக்கப்பட்டுள்ளதா? புகலிடமாகக் கருதப்படும் பள்ளியின் தளம் அக்குறிக்கு மேலே உள்ளதா? 1961இல் பெலிஸ் நகரில் 1931ஐ நினைவில் வைத்திருந்தோர் இருந்தனர். ஹாட்டியை நேரில் கண்டோரின் தொகை ஆண்டுதோறும் குறைந்து வருகின்றது. அவர்களது அறிவைப் பள்ளிகளே இனிக் காத்து வழங்க வேண்டும்.