இணையப் பக்கமும் அச்சுத் தாளும்



இணையத்திலே காணும் ஒரு பக்கத்தைப் படங்களோடு தாளில் அச்சிட்டுக்கொள்வது எவ்வாறு என்பதே இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள். "இதில் விளக்குவதற்கு என்ன இருக்கிறது? பொத்தானை அழுத்தினால் தாள் வந்துவிடாதோ?" என்று நீங்கள் எண்ணக்கூடும். தாள் வரும், ஐயமில்லை. அத்தாளில் படம் வருமா என்பதுதான் கேள்வி.

நம் தருமபுரி மாவட்டத்திலிருந்தே ஓர் எடுத்துக்காட்டுக் காண்போம். பண்டைக் காலத்தில் தகடூர் என்று பெயர் பெற்றிருந்த இந்நிலப் பகுதியில் நடுகற்கள் மிகுதி. ஆநிரை மீட்கும் போரிலே வீழ்ந்த வீரர்களுக்கு அக்காலத்து மக்கள் நட்ட கற்கள் அவற்றுள் பல. அவற்றில் சில தருமபுரி அரசு அருங்காட்சியகத்தில் காப்பாற்றப்பட்டுள்ளன. வேறு சில இன்றும் வெட்டவெளியில் வெயிலையும் மழையையும் தாங்கி நிற்கின்றன. பல்லவர் காலத்து நடுகற்கள் பலவற்றில் வட்டெழுத்துக் காணப்படுகின்றது. ஒரு கல்லூரி மாணவி இவற்றைப் பற்றிக் கட்டுரை எழுதுகின்றாள் என்று கொள்வோம். இணையத்தில் நல்லதொரு பக்கம் கிடைக்கின்றது. அதை அச்சிடுகின்றாள். சொற்கள் எல்லாம் வந்துவிடுகின்றன. படம் இருந்த இடத்தில் வெறுங் கட்டமே நிற்கின்றது. வட்டெழுத்தின் வடிவைப் படமில்லாமல் எப்படி விளக்குவது? வீரன் கையில் வில் இருந்ததா, வாள் இருந்ததா என்பதை எதைக் கொண்டு காட்டுவது? இங்கே படம் வெறும் அலங்காரம் அன்று, அதுவே சான்று.

படம் ஏன் வராமற்போயிற்று? இணையப் பக்கம் எவ்வாறு அமைந்துள்ளது என்பதை அறிந்தால் காரணம் விளங்கிவிடும். டிம் பெர்னர்ஸ் லீ என்னும் அறிஞர், ஜெனீவா நகரை அடுத்த செர்ன் ஆராய்ச்சி நிலையத்தில் பணியாற்றியபோது உருவாக்கிய இணைய வலை, 1991-இல் உலகோர் பார்வைக்கு வந்தது. 1993-இல் வெளிவந்த மொசைக் என்னும் உலாவி, எழுத்தோடு எழுத்தாகப் படத்தையும் ஒரே பக்கத்தில் காட்டும் வழக்கத்தைப் பரப்பியது. ஆயினும் படம் அப்பக்கத்தின் உள்ளே இருப்பதில்லை. "இன்ன முகவரியில் உள்ள படத்தைக் கொண்டுவந்து இங்கே வை" என்னும் கட்டளை மட்டுமே பக்கத்தில் உண்டு. உலாவி அம்முகவரிக்குத் தனியே ஆளனுப்பிப் படத்தைக் கொண்டுவருகின்றது. கலியாணப் பந்தியில் இலை போட்டபின் சோறும் கறியும் தனித்தனியே வருவது போன்றது இது. இலையை மட்டும் சுருட்டி எடுத்துச் சென்றால் பசி தீருமா?

பக்கத்தைச் சேமிக்கும்போது நேரும் தொல்லையும் இதுவே. 'முழுப் பக்கம்' என்று சேமித்தால் ஒரு கோப்பும், படங்கள் அடங்கிய ஓர் உறையும் உண்டாகும். கோப்பை மட்டும் பென்டிரைவில் எடுத்துக்கொண்டு ஜெராக்ஸ் கடைக்குப் போனால், உறை வீட்டிலேயே தங்கிவிடும். படங்களும் அதனோடு தங்கிவிடும்.

இதற்கு நல்ல தீர்வு, பக்கத்தைப் பிடிஎஃப் என்னும் ஆவணமாக மாற்றிக்கொள்வதே. அடோபி நிறுவனம் 1993-இல் வெளியிட்ட இவ்வமைப்பு 2008-இல் உலகப் பொதுத் தரமாக ஏற்கப்பட்டது. இதில் சொல்லும் படமும் ஒரே கோப்பினுள் அடங்கும். எழுத்துருவையும் உள்ளேயே பொதிந்து வைக்கலாம். தமிழுக்கு இது பெரும் பேறாக அமைந்தது. முன்னாளில் ஒவ்வொருவரும் ஒவ்வொரு வகை எழுத்துருவைக் கையாண்டமையால், ஒருவர் தட்டெழுதிய தமிழ் மற்றொருவர் கணினியில் பொருளற்ற குறிகளாகத் தோன்றியது. 1998-ஆம் ஆண்டுப் பொங்கல் நாளில் தொடங்கிய மதுரைத் திட்டம், பழந்தமிழ் நூல்களை இணையப் பக்கங்களாக மட்டுமன்றிப் பிடிஎஃப் கோப்புகளாகவும் வழங்கியது. அதனால், உரிய எழுத்துரு இல்லாதவரும் அந்நூல்களைப் படிக்கவும் அச்சிடவும் முடிந்தது. இப்போது ஒருங்குறி பரவிவிட்டமையால் அத்தொல்லை பெரிதும் குறைந்துள்ளது.

இனிச் செய்முறைக்கு வருவோம். முதலாவது, பக்கத்தை அடிவரை மெல்ல உருட்டிப் பாருங்கள். பல தளங்களில், வாசகர் கண் சென்றெட்டும் வரையில் படம் வரவழைக்கப்படுவதில்லை. மேற்பகுதியை மட்டும் பார்த்துவிட்டு அச்சிட்டால், கீழ்ப்பகுதிப் படங்கள் வாரா. இரண்டாவது, கண்ட்ரோல் விசையோடு 'பி' விசையை அழுத்துங்கள். தோன்றும் பெட்டியில் அச்சுப்பொறிக்கு மாறாகப் 'பிடிஎஃப் ஆகச் சேமி' என்பதைத் தேர்ந்தெடுங்கள். மூன்றாவது, தாளின் அளவை ஏ4 என்று குறியுங்கள். அதாவது 210 மில்லிமீட்டர் அகலம், 297 மில்லிமீட்டர் உயரம். பின்னணி வண்ணங்களும் படங்களும் வேண்டுமாயின் அதற்குரிய கட்டத்தையும் குறியிடுதல் வேண்டும். நான்காவது, முன்னோட்டத்தைப் பொறுமையாகப் பாருங்கள். திரைக்குப் பக்க எல்லை இல்லை, தாளுக்கு உண்டு. ஆதலின் படம் ஒரு தாளிலும் அதன் விளக்கம் மறு தாளிலும் பிரிந்துவிடக்கூடும். அளவைச் சிறிது குறைத்தால் பெரும்பாலும் ஒன்றுசேரும்.

சிலர் பக்கத்தை நகலெடுத்து, லிப்ரே ஆபிஸ் ரைட்டர் போன்ற எழுது செயலியில் ஒட்டித் திருத்த விரும்புவர். அங்கும் படத்திற்கு மாறாக அதன் முகவரி மட்டுமே ஒட்டிக்கொள்ளுதல் உண்டு. வெளிக் கோப்புகளின் இணைப்புப் பட்டியலைத் திறந்து இணைப்பை முறித்துவிட்டால், படம் ஆவணத்தினுள்ளேயே நிலைபெறும்.

படத்தின் தெளிவையும் கவனிக்க வேண்டும். நல்ல அச்சுக்கு ஓர் அங்குலத்திற்கு 300 புள்ளிகள் என்பது பொது அளவு. 600 புள்ளி அகலமுள்ள படம் திரையில் பெரிதாகத் தோன்றினாலும், இவ்வளவின்படி தாளில் இரண்டு அங்குலமே தெளிவாக வரும். அதை ஆறு அங்குலத்திற்கு இழுத்தால் ஓர் அங்குலத்திற்கு 100 புள்ளிகளே மிஞ்சும், கல்லெழுத்து மங்கிவிடும். ஆதலின் சிறு படத்தின்மேல் அழுத்தி, அதன் பெரிய வடிவம் தளத்தில் உண்டா என்று முதலில் தேடுங்கள்.

எல்லாம் முடிந்தபின் ஓர் எளிய சோதனை செய்யுங்கள். இணையத் தொடர்பைத் துண்டித்துவிட்டு, சேமித்த கோப்பைத் திறந்து பாருங்கள். படங்கள் அனைத்தும் தெரிந்தால் உங்கள் கோப்பு தன் காலில் நிற்கின்றது என்று பொருள்.

தாளின் அடியில், பக்கத்தின் முகவரி, எழுதியவர் பெயர், படம் எடுத்தவர் பெயர், நீங்கள் பார்த்த நாள் ஆகியவற்றைக் குறித்துவைத்தல் கடமை. சொந்தப் படிப்புக்கும் ஆராய்ச்சிக்கும் நியாயமான அளவில் பயன்படுத்திக்கொள்ள நம் நாட்டின் 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் இடமளிக்கின்றது. பல படி எடுத்து விற்பது வேறு. அதற்கு உரியவரின் இசைவு வேண்டும்.

இவ்வளவு பாடு எதற்கு, வேண்டும்போது இணையத்திலேயே பார்த்துக்கொள்ளலாமே என்பீர்கள். இணையப் பக்கம் கல்வெட்டு அன்று. பொது மக்கள் எண்ணற்ற பக்கங்களை அமைத்திருந்த ஜியோசிட்டீஸ் தளத்தை யாஹூ நிறுவனம் 2009-இல் மூடியது. அழியுமுன் படியெடுத்து வைத்தோர் சிலரின் முயற்சியால்தான் அவற்றுள் ஒரு பகுதி பிழைத்தது. பனையோலை செல்லரிக்கும் என்று அறிந்தே நம் முன்னோர் ஏடு பெயர்த்து எழுதினர். படியெடுத்தவர் கை ஓய்ந்த இடத்தில் நூல் மறைந்தது. ஓயாத இடத்தில் அது நம் காலம் வரை வந்து சேர்ந்தது.

இணையத் தொடர்பு சரிவரக் கிட்டாத மலையூர்கள் நம் மாவட்டத்தில் உண்டு. உங்கள் ஊர் நடுகல்லைப் பற்றிய ஒரு பக்கத்தைப் படத்தோடு அச்சிட்டு, இசைவு பெற்று, அத்தகைய ஊர்ப் பள்ளி ஒன்றுக்குக் கொடுத்துப் பாருங்கள். தன் வீட்டுக் கொல்லையில் கிடக்கும் கல் யாதென அறியாத சிறுவன் ஒருவன் அப்படத்தைப் பார்த்து அக்கல்லை அடையாளம் கண்டுகொள்ளக்கூடும். அதற்கு அத்தாளில் படம் இருக்க வேண்டும்.