பனிக்கு அஞ்சாத ஆர்க்கிட்கள்

ஆர்க்கிட் என்றதும் உங்கள் நினைவுக்கு வருவது எது? மரக்கிளையைப் பற்றிக்கொண்டு, வேர்களைக் காற்றில் தொங்கவிட்டபடி மலரும் செடிதானே? மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் அத்தகைய ஆர்க்கிட்கள் பல உண்டு. அவற்றைத் தொற்றுத் தாவரங்கள் என்று தாவரவியல் பாடத்தில் படித்திருப்பீர்கள். உலகில் ஏறத்தாழ 28,000 ஆர்க்கிட் இனங்கள் இருக்கின்றன. அவற்றுள் ஒரு பகுதி மண்ணில் வேரூன்றி வாழ்பவை. அவற்றிலும் சில, குளிர்காலத்தில் தரையெல்லாம் வெண்பனி மூடும் நாடுகளில், கண்ணாடி வீட்டின் துணையின்றித் திறந்த தோட்டத்திலேயே வளர்கின்றன. காற்றின் வெப்பநிலை சுழிக்குக் கீழே 20 டிகிரி செல்சியசுக்கு இறங்கினாலும் அவை மடிவதில்லை. இது எப்படி முடிகிறது?

பனியே போர்வை

இலையுதிர் காலம் வந்ததும் இச்செடிகளின் தண்டும் இலையும் வாடி மறைந்துவிடும். மண்ணுக்கடியில் மட்டநிலத்தண்டோ கிழங்கோ, அடுத்த ஆண்டுக்கான மொட்டுடன் உறங்கிக்கொண்டிருக்கும். அதன்மேல் வெண்பனி விழுகிறது. புதிதாக விழுந்த பனியின் கன அளவில் பத்தில் ஒன்பது பங்கு காற்றுதான். காற்று ஓர் அரிதிற்கடத்தி அல்லவா? கம்பளி நம் உடல் வெப்பத்தைக் காப்பதுபோல், பனிப்படலம் மண்ணின் வெப்பத்தைக் காக்கிறது. இன்னொரு காரணமும் உண்டு. ஒரு கிராம் நீர் உறையும்போது 80 கலோரி உள்ளுறை வெப்பத்தை வெளிவிடும். ஆகவே ஈரமண் அவ்வளவு எளிதில் குளிர்ந்துவிடாது. மேலே கடுங்குளிர் அடித்தாலும், ஆழ்ந்த பனிக்கு அடியில் உள்ள மண் 0 டிகிரியை ஒட்டியே நிற்கும்.

அப்படியானால் எது ஆபத்து? பனி விழாத குளிர்காலம்தான்! போர்வையற்ற மண் இரவில் உறையும், பகலில் உருகும். இது திரும்பத் திரும்ப நிகழ்ந்தால் மண் மேலெழும்பி வேர்களை வெளியே தள்ளிவிடும். எனவே அந்நாட்டுத் தோட்டக்காரர்கள் செடியின்மேல் பைன் இலைகளையும் சருகுகளையும் பரப்பிவைக்கிறார்கள். நீர் தேங்கினால் கிழங்கு அழுகிவிடும். அதனால் மண்ணில் பருமணலைக் கலப்பார்கள்.

எதை வளர்க்கலாம்?

முதன்முதலாக வளர்ப்பவர்க்கு ஏற்றது பிளெட்டில்லா. சீனா, ஜப்பான், கொரியா நாடுகளைச் சேர்ந்த இது, இளஞ்சிவப்பும் ஊதாவும் கலந்த பூக்களைத் தரும். இதன் தளிர் வசந்தத்தின் தொடக்கத்திலேயே தலைகாட்டிவிடும். அப்போது பின்பனி தாக்கினால் தளிர் கருகிவிடும் என்பதே இதன் குறை.

ஈரமான இடத்திற்கு டாக்டிலோரைசா பொருந்தும். 'விரல் வேர்' என்பது இப்பெயரின் பொருள். இதன் கிழங்கு கைவிரல்களைப்போலப் பிரிந்திருக்கும். ஒவ்வோர் ஆண்டும் பழைய கிழங்கு சுருங்கி, அதன் அருகே புதிய கிழங்கு ஒன்று உருவாகும்.

எல்லாவற்றிலும் எழிலானது சிப்ரிபீடியம். பூவின் ஓர் இதழ் சிறு காலணிபோலக் குழிந்திருப்பதால், ஆங்கிலேயர் இதனைச் 'சீமாட்டியின் காலணி' என்கின்றனர். மெல்லிய நிழலில், மொட்டு இரண்டு மூன்று சென்டிமீட்டர் ஆழத்தில் இருக்குமாறு, வேர்களைப் பக்கவாட்டில் விரித்து நடவேண்டும். இதற்குக் குளிர் வெறும் இடையூறு அன்று, தேவையும்கூட. சுமார் மூன்று மாதம் கடுங்குளிரில் உறங்கினால்தான் மொட்டு ஒழுங்காக விழித்தெழும். சென்னையிலோ மதுரையிலோ இது ஏன் வளராது என்பது இப்போது விளங்குகிறதல்லவா?

உணவில்லாத விதை

ஆர்க்கிட்டின் விதை தூசியைப்போல நுண்ணியது. அவரை விதையில் இளஞ்செடிக்கு வேண்டிய உணவு இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஆர்க்கிட் விதையில் அப்படி ஒன்றும் இல்லை. பின் அது முளைப்பது எவ்வாறு? 1899-இல் பிரெஞ்சு அறிஞர் நோயல் பெர்னார் இப்புதிரை விடுவித்தார். மண்ணிலுள்ள ஒருவகைப் பூஞ்சைக் காளான் விதைக்குள் நுழைந்து, அதற்கு உணவு ஊட்டுகிறது என்று அவர் கண்டார். அத்துணை கிட்டாத விதைகள் வீணாகிவிடும். முளைத்தவையும் மெல்லத்தான் வளரும். அமெரிக்காவின் மின்னசோட்டா மாநில மலரான சிப்ரிபீடியம் ரெஜினே, முதற்பூ பூக்க 16 ஆண்டுகள்கூட ஆகலாம்.

இப்போது எண்ணிப் பாருங்கள். காட்டில் ஒரு செடியைப் பெயர்த்தெடுக்க ஒரு நிமிடம் போதும். அந்த இடத்தில் இன்னொன்று பூக்க எத்தனை ஆண்டுகள்! இங்கிலாந்தில் நடந்தது இதுதான். பூவின் அழகில் மயங்கியவர்கள் தோண்டிக்கொண்டே போனதால், 1917-இல் சீமாட்டியின் காலணி அந்நாட்டில் அற்றுப்போனதாக அறிவிக்கப்பட்டது. 1930-இல் யார்க்ஷயர் பகுதியில் ஒரே ஒரு செடி தென்பட்டது. அது இருக்கும் இடத்தை மறைத்துவைத்து, காவல் காத்தார்கள்.

அறிவியல் இங்கே கைகொடுத்தது. அமெரிக்க அறிஞர் லூயிஸ் நட்சன், காளானின் உதவியில்லாமலே சர்க்கரை கலந்த அகார் கூழில் ஆர்க்கிட் விதைகளை முளைக்கவைக்கலாம் என்று 1922-இல் காட்டியிருந்தார். பிற்காலத்தில் கியூ தாவரவியல் தோட்டத்து அறிஞர்கள், ஆய்வுக்கூடத்தில் சீமாட்டியின் காலணி விதைகளை முளைக்கவைத்து, இளஞ்செடிகளை அதன் பழைய இருப்பிடங்களிலேயே நட்டார்கள்.

ஆகவே, ஆர்க்கிட்டைத் தேர்ந்தெடுக்கும்போது முதலில் கேட்கவேண்டியது நிறத்தையோ விலையையோ பற்றி அன்று. "இது ஆய்வுக்கூடத்தில் விதையிலிருந்து வளர்ந்ததா, காட்டிலிருந்து பெயர்த்ததா?" என்பதே முதற்கேள்வி. நம் மலைகளுக்குச் சுற்றுலா செல்லும்போது மரக்கிளையில் ஓர் ஆர்க்கிட்டைக் கண்டால், இந்தக் கணக்கை நினைவில் கொள்ளுங்கள். கண்ணால் கண்டு மகிழுங்கள்; கையை மட்டும் நீட்டாதீர்கள்.