பல்தட எண்ணிம ஒலிச் சமனியின் முன்பலகைக் கட்டுப்பாடுகளும் தமிழ்க் கலைச்சொல்லாக்கமும்

ஆய்வுச்சுருக்கம்

அரங்குகளிலும் ஒலிப்பதிவுக் கூடங்களிலும் பயன்படும் பல்தட எண்ணிம ஒலிச் சமனியின் முன்பலகைக் கட்டுப்பாடுகள் எவ்வாறு செயல்படுகின்றன என்பதை இக்கட்டுரை விளக்குகிறது. ஆங்கிலச் சொல்லின் அகராதிப் பொருளை மட்டும் பின்பற்றும் தமிழாக்கம், கட்டுப்பாட்டின் செயலை மறைத்துவிடும் இடங்களையும் சுட்டுகிறது. கட்டுப்பாடு செய்யும் வேலையே அதன் தமிழ்ப்பெயரை முடிவுசெய்ய வேண்டும் என்பது கட்டுரையின் கருத்தாகும்.

திறவுச்சொற்கள்: ஒலிச் சமனி, முன்பலகை, அதிர்வெண் பட்டை, கலைச்சொல்லாக்கம், அறிவியல் தமிழ்

முன்னுரை

மேடையில் பேசப்படும் சொல் கேட்போரின் செவியை அடைவதற்குள் ஒலிவாங்கி, ஒலிபெருக்கி, அரங்கின் சுவர்கள் ஆகியவற்றால் மாற்றமடைகிறது. இவை ஒவ்வொன்றும் சில அதிர்வெண்களை மிகுத்தும் சிலவற்றைக் குறைத்தும் விடுகின்றன. இம்மாற்றத்தை ஈடுசெய்யும் கருவியே ஈக்வலைசர் எனப்படும் ஒலிச் சமனி. இப்பெயர் தொலைபேசித் தொழில்நுட்பத்திலிருந்து வந்தது. நெடுந்தொலைவுக் கம்பிகள் உயர் அதிர்வெண்களை மிகுதியாக இழந்தன. அவ்விழப்பை ஈடுசெய்து, மறுமுனையில் பெறும் ஒலியை அனுப்பிய ஒலிக்கு நிகராக்கிய மின்சுற்று இப்பெயரால் வழங்கப்பட்டது. எனவே 'சமனி' என்பதற்கு எல்லா அதிர்வெண்களையும் ஒரே அளவாக்கும் கருவி என்று பொருள்கொள்வது பொருந்தாது. கருவியின் பெயரிலேயே எழும் இச்சிக்கல் அதன் முன்பலகையிலும் தொடர்கிறது.

நழுவுகுமிழிலிருந்து நினைவகத்திற்கு

ஒப்புமை வகையைச் சார்ந்த பழைய கிராஃபிக் சமனியில் ஒவ்வோர் அதிர்வெண் பட்டைக்கும் ஒரு நழுவுகுமிழ் உண்டு. மனிதச் செவி உணரும் 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரையிலான எல்லையை மூன்றிலொரு எண்மம் என்ற இடைவெளியில் பகுத்தால் 31 பட்டைகள் கிடைக்கும். குமிழ்களின் தலைகள் இணைந்து ஒரு வரைகோடு போலத் தோன்றுவதே 'கிராஃபிக்' என்னும் பெயருக்குக் காரணம். இங்கு குமிழின் இடமே அதன் மதிப்பு. பலகையைப் பார்த்தாலே முழு அமைப்பும் விளங்கிவிடும்.

நான்கு தடங்களுக்கு இத்தகைய அமைப்பு வேண்டுமெனில் 124 நழுவுகுமிழ்கள் தேவைப்படும். ஒலிக்கருவிகளைத் தாங்கும் அடுக்குச் சட்டகத்தின் ஓர் அலகு 482.6 மில்லிமீட்டர் அகலமும் 44.45 மில்லிமீட்டர் உயரமும் உடையது. அச்சிறு பலகையில் இத்தனை குமிழ்களுக்கு இடமில்லை. எண்ணிமச் சமனி இதற்கு வேறு வழியைக் கண்டது. அதில் மதிப்புகள் அனைத்தும் எண்களாக நினைவகத்தில் உள்ளன. ஒரு காட்சித்திரையும் சில பொத்தான்களும் ஒரு சுழல்குமிழும் எல்லாத் தடங்களுக்கும் பொதுவாக அமைகின்றன. இதனால் இடம் மிச்சமாகிறது. ஆனால், முழு அமைப்பையும் ஒரே பார்வையில் காணும் வாய்ப்பு குறைகிறது. திரை காட்டுவது அப்போது தேர்ந்தெடுக்கப்பட்ட பகுதியையே.

தேர்வுக் கட்டுப்பாடுகள்

எண்ணிமச் சமனியில் ஒரு மாற்றத்தைச் செய்வதற்கு மூன்று படிகள் உள்ளன. முதலில் தடத்தையும், அடுத்து பட்டையையும் தேர்ந்தெடுத்து, பின்னரே மதிப்பை மாற்ற வேண்டும். மதிப்பை மாற்றும் சுழல்குமிழ் முடிவின்றிச் சுழலக்கூடியது. அதற்குத் தொடக்க நிலையோ இறுதி நிலையோ இல்லை. எனவே குமிழைப் பார்த்து எதையும் அறிய முடியாது. மூன்றாம் தடம் தேர்வில் இருப்பதைக் கவனியாது முதல் தடத்தைத் திருத்துவதாக எண்ணிக் குமிழைச் சுழற்றினால், சீராக இருந்த தடம் கெடும். குறையுள்ள தடம் அவ்வாறே நீடிக்கும்.

இரு தடங்களை ஒன்றாக இயங்கச் செய்யும் பொத்தான் ஆங்கிலத்தில் 'லிங்க்' எனக் குறிக்கப்படுகிறது. இதனை 'இணைப்பு' என மொழிபெயர்த்தால் கம்பியிணைப்பு என்ற பொருளே முன்னிற்கும். உண்மையில் ஒரு தடத்தில் செய்யும் மாற்றம் மற்றொன்றிலும் உடன் நிகழ்வதையே இப்பொத்தான் ஏற்படுத்துகிறது. அரங்கின் இடப்புற, வலப்புற ஒலிபெருக்கிகளுக்கு இது பயன்படும். மேடையில் உள்ளோர் கேட்கும் ஒலிபெருக்கியையும் அவையோருக்கான ஒலிபெருக்கியையும் இவ்வாறு பிணைத்தால், ஒன்றுக்குச் செய்த திருத்தம் மற்றதைக் கெடுக்கும். ஆகவே 'உடனியக்கம்' என்னும் சொல் இதற்குப் பொருத்தமாக அமையும்.

மதிப்புக் கட்டுப்பாடுகள்

அதிர்வெண், ஏற்ற இறக்கம், பட்டையின் அகலம் ஆகிய மூன்றையும் தனித்தனியே மாற்ற இடந்தரும் அமைப்பு பாராமெட்ரிக் சமனி எனப்படும். ஜார்ஜ் மாசன்பர்க் 1972ஆம் ஆண்டு ஒலிப்பொறியியல் கழக மாநாட்டில் அளித்த கட்டுரை இவ்வமைப்பைப் பரவலாக அறியச்செய்தது. இன்றைய எண்ணிமச் சமனிகள் பலவற்றில் இவ்வசதி உள்ளது.

இம்மூன்றனுள் மிகுதியும் தவறாகப் புரிந்துகொள்ளப்படக்கூடியது 'கியூ' என்னும் எழுத்தால் குறிக்கப்படும் மதிப்பு. இயற்பியல் பாடநூல்களில் இது 'தரக்காரணி' என வழங்குகிறது. இவ்வெழுத்தை முதலில் பயன்படுத்திய வெஸ்டர்ன் எலக்ட்ரிக் நிறுவனப் பொறியாளர் கே. எஸ். ஜான்சன், தரம் என்னும் பொருளில் அதைத் தேர்ந்தெடுக்கவில்லை. பிற எழுத்துகள் வேறு அளவுகளுக்கு வழங்கி வந்தமையால் எஞ்சிய எழுத்தை எடுத்துக்கொண்டார். சமனியில் இம்மதிப்பு உயர்ந்தால் ஒலியின் தரம் உயர்வதில்லை, பட்டை குறுகுகிறது. மைய அதிர்வெண்ணைக் கியூ மதிப்பால் வகுத்தால் பட்டையின் அகலம் கிடைக்கும்.

இதனை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். ஒலிபெருக்கியின் ஒலியை ஒலிவாங்கி மீண்டும் வாங்குவதால் 2,500 ஹெர்ட்ஸில் ஊளை எழுவதாகக் கொள்வோம். கியூ மதிப்பை 10 என வைத்து அவ்வதிர்வெண்ணைத் தாழ்த்தினால் திருத்தத்தின் அகலம் 250 ஹெர்ட்ஸ் மட்டுமே. மதிப்பை 1 என வைத்தால் அகலம் 2,500 ஹெர்ட்ஸாகி, ஏறத்தாழ 1,550 முதல் 4,050 ஹெர்ட்ஸ் வரை பரவும். பேச்சின் மெய்யொலிகளைப் பிரித்தறிய உதவும் கூறுகள் பல இப்பகுதியில் உள்ளன. இரு முறைகளிலும் ஊளை அடங்கலாம். ஆனால் இரண்டாவதில் பேச்சின் தெளிவும் உடன் குறையும். மாறாக, ஒலிக்கு மென்மையான நிறமாற்றம் வேண்டும்போது தாழ்ந்த கியூ மதிப்பே ஏற்றது. 'தரக்காரணி' என்ற சொல் இவ்வேறுபாட்டை உணர்த்துவதில்லை. முன்பலகையைப் பொறுத்தவரை 'பட்டைக்குறுக்கம்' என்பது எண் உயர்ந்தால் நிகழ்வதை நேரடியாகக் கூறும்.

'வடிகட்டி' என்னும் சொல்லிலும் இத்தகைய சிக்கல் உண்டு. வடிகட்டுதல் என்பது நீக்குதலைக் குறிக்கும். தாழ்ந்த அதிர்வெண்களை நீக்கும் சுற்றுக்கு அது பொருந்தும். ஆயின் சமனியின் ஒரு பட்டை, தான் ஆளும் பகுதியை உயர்த்தவும் வல்லது. அவ்விடத்தில் 'பட்டைத்திருத்தி' என்பதே தெளிவு தரும்.

அளவுகாட்டிகளும் நிலைமாற்றிகளும்

எண்ணிமக் கருவியில் குறிக்கத்தக்க மிகுதியான அளவு பூச்சிய டெசிபெல் ஆகும். அதற்கு மேற்பட்ட அலை முகடுகள் வெட்டுப்பட்டு, ஒலி சிதையும். உள்ளீட்டின் உச்சம் −4 டெசிபெல் ஆக இருக்க, அதே அதிர்வெண்ணை 6 டெசிபெல் உயர்த்தினால் வெளியீடு எல்லையை 2 டெசிபெல் கடக்க முற்படும். அப்போது உள்ளீட்டின் விளக்கு பச்சையாகவும் வெளியீட்டின் விளக்கு சிவப்பாகவும் இருக்கலாம். உள்ளீட்டிலேயே வெட்டுப்பட்ட ஒலியை வெளியீட்டைக் குறைத்துச் சரிசெய்ய இயலாது. எனவே இரு காட்டிகளையும் ஒப்பிட்டுப் பார்த்தல் இன்றியமையாதது.

'பைபாஸ்', 'மியூட்' என்னும் பொத்தான்களின் வேறுபாடும் அறியத்தக்கது. மியூட் ஒலியை முற்றிலும் நிறுத்துகிறது. பைபாஸ் திருத்தத்தை மட்டும் விலக்கி, ஒலியைத் தொடர்ந்து செல்லவிடுகிறது. புறவழிச்சாலை ஊரைத் தவிர்க்குமேயன்றிப் பயணத்தை நிறுத்தாது. அவ்வகையில் 'புறவழி' என்பது செயலுக்கு இசைந்த தமிழாக்கம். இதனை 'நிறுத்தம்' எனக் குறித்தால், நிகழ்ச்சியின் நடுவே ஒலியை அடக்க எண்ணி இதை அழுத்துவோர், திருத்தமற்ற ஒலியையும் ஊளையையும் அவைக்கு அளிக்க நேரும்.

நினைவகப் பொத்தான்களைப் பொறுத்தவரை, குமிழால் செய்த மாற்றம் உடனே ஒலியில் தெரியும் என்பதால் அது சேமிக்கப்பட்டுவிட்டதாகக் கருதலாகாது. சேமிக்குமுன் வேறோர் அமைப்பை அழைத்தால் அதுவரை செய்த திருத்தங்கள் மறையும். பூட்டுப் பொத்தான் அயலாரின் கை படுவதிலிருந்து அமைப்பைக் காக்கிறது.

முடிவுரை

ஒப்புமைச் சமனியின் பலகை மதிப்புகளைத் தன்மீதே தாங்கியிருந்தது. எண்ணிமச் சமனியின் பலகை நினைவகத்திலுள்ள மதிப்புகளை அணுகும் வாயிலாக மாறியுள்ளது. கண்ணால் முழுதும் காண இயலாத இவ்வமைப்பில், இயக்குவோர் பலகையிலுள்ள சொற்களையே பெரிதும் சார்ந்திருக்க நேர்கிறது. 'புறவழி' போன்ற சொற்கள் செயலை விளக்குகின்றன. 'தரக்காரணி', 'இணைப்பு' போன்றவை முன்பலகைச் சூழலில் செயலை மறைக்கின்றன. ஆகவே இத்தகைய கருவிகளுக்குத் தமிழில் கையேடோ பாடநூலோ எழுதுவோர், ஒவ்வொரு கட்டுப்பாட்டையும் இயக்கினால் ஒலியில் என்ன நிகழ்கிறது என்பதை முதலில் வரையறுத்து, அதன் பின்னரே பெயரிடுதல் வேண்டும். தடம், பட்டை, மதிப்பு, சேமிப்பு என்னும் செயல்வரிசையிலேயே விளக்கமும் அமைதல் நலம்.