குளியல் தொட்டியின் விளிம்பில் சிமெண்ட் ஏன் நிலைப்பதில்லை?

உங்கள் வீட்டில் குளியல் தொட்டி இருந்தால், அது சுவரோடு சேரும் விளிம்பைக் குனிந்து பாருங்கள். சுவர் ஓடுகளுக்கு நடுவே பூசிய சிமெண்ட் பல ஆண்டுகளாக அப்படியே இருக்கும். தொட்டியின் விளிம்பில் பூசிய அதே சிமெண்டில் மட்டும் மயிரிழை போன்ற கீறல் ஓடியிருக்கும். பூசியவர் வேலையைச் சரியாகச் செய்யவில்லை என்று நாம் குறை சொல்கிறோம். உண்மையில், எவ்வளவு நன்றாகப் பூசினாலும் அந்த இடத்தில் சிமெண்ட் வெடிக்கத்தான் செய்யும். ஏனென்றால், தொட்டி அசைகிறது.

இரண்டு வகை அசைவு

முதலாவது, எடை. 1 லிட்டர் தண்ணீரின் எடை 1 கிலோ. தொட்டியில் 150 லிட்டர் நிரப்பி, 60 கிலோ எடையுள்ள ஒருவர் அதில் இறங்கினால், தொட்டி 210 கிலோவைத் தாங்க வேண்டும். அப்போது அது சற்றே கீழே அமிழும். தண்ணீர் வடிந்ததும் மீண்டும் மேலே எழும்பும்.

இரண்டாவது, வெப்பம். அக்ரிலிக் தொட்டியின் 1 மீட்டர் நீளம், வெப்பம் 1 பாகை செல்சியஸ் கூடும்போது சுமார் 0.07 மில்லிமீட்டர் விரிவடையும். 1.5 மீட்டர் தொட்டி 28 பாகையிலிருந்து 40 பாகைக்குச் சூடேறினால், 1.5 × 12 × 0.07, அதாவது சுமார் 1.3 மில்லிமீட்டர் நீளும். பீங்கான் ஓடு அதில் பத்தில் ஒரு பங்குதான் விரியும்.

சிமெண்ட் அழுத்தத்தை நன்றாகத் தாங்கும், இழுவிசையைத் தாங்காது. ஒவ்வொரு குளியலிலும் இழுபட்டுக் கடைசியில் கீறல் விடுகிறது. துணியின் நுனி தண்ணீரில் பட்டால் ஈரம் ஏறுவதுபோல, அந்தக் கீறல் தண்ணீரை உள்ளே இழுத்துக்கொள்ளும்.

சிலிக்கோன் என்ன செய்கிறது?

சிலிக்கன் அணுவும் ஆக்சிஜன் அணுவும் மாறி மாறிக் கோத்த நீண்ட சங்கிலிதான் சிலிக்கோன். இந்தச் சங்கிலிகள் எளிதில் வளையும். இழுத்து விட்டால் பழைய நிலைக்குத் திரும்பும். பூசும்போது சில வகைகளில் புளிக்காடி வாசனை வரும். காற்றிலுள்ள ஈரத்தோடு வினைபுரிந்து இறுகும்போது வெளியாகும் அசெட்டிக் அமிலமே அதற்குக் காரணம். ஈரம் வெளியிலிருந்து உள்ளே செல்வதால் மேல்தோல்தான் முதலில் இறுகும். உள்பகுதி ஒரு நாளைக்கு 2 அல்லது 3 மில்லிமீட்டர் ஆழமே இறுகும். தொட்டுப் பார்த்துக் காய்ந்துவிட்டது என்று அன்றே குளிக்கக் கூடாது.

இடைவெளியின் அகலமும் முக்கியம். தரமான சிலிக்கோன் தன் அகலத்தில் சுமார் 25 விழுக்காடு அசைவைத் தாங்கும். 2 மில்லிமீட்டர் இடைவெளியில் 1 மில்லிமீட்டர் அசைவு என்பது 50 விழுக்காடு, ஒட்டு கிழிந்துவிடும். அதே அசைவு 6 மில்லிமீட்டர் இடைவெளியில் 17 விழுக்காடுதான்.

பூசும் முறை

பழைய சிலிக்கோனை முழுவதும் சுரண்டி எடுங்கள். புதிய சிலிக்கோன் பழையதன்மேல் ஒட்டாது. சோப்புப் படிவைத் துடைத்து, இடத்தை நன்றாக உலர விடுங்கள். பிறகு தொட்டியில் தண்ணீரை நிரப்புங்கள். எடையால் தொட்டி தாழ்ந்து, இடைவெளி மிகவும் விரிந்திருக்கும் நிலையில் பூச வேண்டும். இறுகும்வரை தண்ணீரை வடிக்காதீர்கள். பின்னர் தொட்டி காலியாகும்போது சிலிக்கோன் சற்று அமுங்கும். நிரம்பும்போது பழைய அகலத்துக்கு வரும். காலித் தொட்டியில் பூசினாலோ, ஒவ்வொரு குளியலிலும் அது இழுபடும்.

விளிம்பில் கறுப்பாகப் படிவது பூஞ்சை. சோப்பும் உடல் எண்ணெயும் அதற்கு உணவு. அதைப் போக்க குளோரின் கலந்த வெளுப்பானையும் புளிக்காடியையும் ஒருபோதும் சேர்க்காதீர்கள். நச்சுத்தன்மையுள்ள குளோரின் வாயு உண்டாகும்.

கீழ் வீட்டின் கூரை

அடுக்குமாடியில் இந்தக் கீறல் நம் வீட்டோடு நிற்பதில்லை. மலேசியாவில் ஸ்ட்ராத்தா விதிமுறைகளின்படி, கூரைக் கசிவு பற்றிப் புகார் கிடைத்த 7 நாள்களுக்குள் நிர்வாகம் சோதிக்க வேண்டும். வேறு காரணம் நிரூபிக்கப்படாதவரை, கசிவு மேல் வீட்டிலிருந்தே வருவதாகக் கருதப்படும். சிங்கப்பூரின் வீவக வீடுகளில், மேல் வீட்டாரும் கீழ் வீட்டாரும் சேர்ந்தே கசிவைக் கண்டறிந்து பழுதுபார்க்கும் பொறுப்பை ஏற்க வேண்டும்.

உங்கள் வீட்டில் ஒரு சோதனை செய்யலாம். தொட்டி காலியாக இருக்கும்போது விளிம்பில் ஒரு தாளை நுழைத்துப் பாருங்கள். பிறகு தண்ணீரை நிரப்பி, மீண்டும் அதே இடங்களில் நுழைத்துப் பாருங்கள். காலியாக இருந்தபோது நுழையாத தாள் இப்போது நுழைந்தால், அந்த வழியாகத் தண்ணீரும் நுழையும்.